உடம்புக் கணக்குக்கும் ஒரு பாஸ்புக் வேண்டும்

(கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் சுகாதாரக் குழு உறுப்பினர்கள் சேர்ந்து தயாரித்துப் பேசியது. அன்றைக்கு வர முடியாத சகோதரிகளுக்காக இங்கே எழுத்தில் தருகிறோம்.)



முதலில் ஒரு கேள்வி. போன மாதம் நீங்கள் கட்டிய நூறு ரூபாய் சேமிப்பு உங்கள் பாஸ்புக்கில் ஏறவில்லை என்றால் சும்மா இருப்பீர்களா? இருக்க மாட்டோம். ஊக்குநரைக் கூப்பிட்டு, பேரேட்டைத் திறக்கச் சொல்லி, வரவு வைத்த பிறகுதான் பாயை விட்டு எழுந்திருப்போம்.

சரி, இன்னொரு கேள்வி. போன தடவை காய்ச்சலுக்குப் போனபோது உங்களுக்குப் போட்டது என்ன ஊசி? கடைசியாகப் பார்த்தபோது சர்க்கரை எவ்வளவு இருந்தது? எந்த மருந்து உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது? இதைக் கேட்டால் நம்மில் பல பேர் பக்கத்தில் இருப்பவர் முகத்தைத்தான் பார்ப்போம். நூறு ரூபாய்க்கு இருக்கிற கணக்கு நம்ம உடம்புக்கு இல்லை.

இதைப் பேச வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியதற்கு ஒரு காரணம் உண்டு. நம்ம கூட்டமைப்பில் இருக்கிற ஒரு அக்காவுக்கு நடந்தது இது. அவங்க சம்மதத்தோடுதான் சொல்கிறோம், பேரும் ஊரும் வேண்டாம்.

சில வருடங்களுக்கு முன்னால் அவங்களுக்குக் காலில் புண் வந்து ஓர் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, மூச்சு முட்டிவிட்டது. ராத்திரி பூராவும் பக்கத்திலேயே இருந்து காப்பாற்றினார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது, "இந்த மருந்து உங்களுக்கு ஆகாதும்மா, எங்க போனாலும் இந்தச் சீட்டைக் காட்டுங்க" என்று எழுதியும் கொடுத்தார்கள். அக்கா அதை மஞ்சப்பையில் போட்டுப் பரணில் வைத்தாங்க. அடுத்த மழையில் ஓடு ஒழுகி, பை நனைந்து, சீட்டு கூழாகிப் போச்சு.

போன ஐப்பசியில் மகள் வீட்டுக்குப் போன இடத்தில் காய்ச்சல். அங்கே இருந்த நர்ஸம்மா நல்லவங்க, ஊசியைக் கையில் எடுக்கிறதுக்கு முன்னால் கேட்டாங்க.

"ஏதாவது மருந்து ஒத்துக்காதாம்மா?"

"ஆமாம்மா, ஒரு ஊசி ஒத்துக்காது."

"எந்த ஊசி?"

"பேரு தெரியாதும்மா. பால் மாதிரி வெள்ளையா இருந்துச்சு."

டாக்டர் யோசித்துவிட்டு, அந்த ஊசியே வேண்டாம் என்று வேறு மருந்து கொடுத்தார். அக்கா இப்போது நல்லா இருக்காங்க. ஆனால் எல்லா இடத்திலும் கேட்கிற நர்ஸ் கிடைப்பாங்களா? மயங்கிய நிலையில் தூக்கிக்கொண்டு போயிருந்தால் யார் பதில் சொல்லியிருப்பார்கள்?

இந்தக் கேள்வியோடுதான் எங்கள் குழு விசாரிக்கத் தொடங்கியது. இப்போது சீட்டெல்லாம் கம்ப்யூட்டரில், போனில் வைக்கிற காலம் வந்துவிட்டது என்கிறார்களே, அது நமக்கு உதவுமா? மக்கள் என்ன நினைக்கிறார்கள், டாக்டர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டுப் பார்த்தோம்.

பேரேடு யாரிடம், பாஸ்புக் யாரிடம்?

கம்ப்யூட்டர் பதிவு நமக்குப் புதுசு இல்லை. நம்ம பெண்கள் கர்ப்பமானதும் கிராம சுகாதார செவிலியர் பதிவு செய்து பிக்மி எண் வாங்கிக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறோம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவிக்கும் குழந்தையின் பிறப்புச் சான்றுக்கும் அந்த எண்ணைக் கேட்டார்கள். ஆனால் அந்தப் பதிவு அரசிடம் இருக்கிறது. நம்மைப் பற்றியதுதான், நம் கையில் இல்லை. அது சங்கத்துப் பேரேடு மாதிரி.

நம் கையில் இருக்கிற பதிவு வேறு. அது பாஸ்புக் மாதிரி. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் நாம் எடுத்துக்கொண்டு போகலாம், நாம் காட்டினால்தான் அடுத்தவர் பார்க்கலாம். மத்திய அரசு அப்படி ஒன்றைக் கொண்டுவந்தது. 2020 ஆகஸ்ட் 15-இல் அறிவித்து, நம்ம பக்கத்துப் புதுச்சேரி உட்பட ஆறு யூனியன் பிரதேசங்களில் முதலில் நடத்திப் பார்த்தார்கள். 2021 செப்டம்பர் 27-இல் நாடு முழுவதும் தொடங்கினார்கள். ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் என்று பெயர். இதில் நமக்குக் கொடுக்கிற 14 இலக்க எண்ணைத்தான் 'ஆபா' எண் என்கிறார்கள்.

இதில் மூன்று விஷயத்தை நன்றாக மனதில் வையுங்கள்.

ஒன்று, ஆபா எண் காப்பீட்டு அட்டை இல்லை. அதைக் காட்டினால் இலவச ஆபரேஷன் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை வேறு, இது வேறு. ஆபா எண் எடுக்கக் காசும் கிடையாது.

இரண்டு, கட்டாயம் இல்லை. ஆபா எண் இல்லை என்பதற்காகச் சிகிச்சையை மறுக்கக் கூடாது என்று அந்தத் திட்டத்தின் கொள்கையிலேயே எழுதியிருக்கிறார்கள். எடுத்த பிறகு வேண்டாம் என்றாலும் நீக்கிக்கொள்ளலாம்.

மூன்று, நம்ம சீட்டு எல்லாம் டெல்லியில் ஒரே பெட்டியில் போய்ச் சேருவதில்லை. எந்த ஆஸ்பத்திரியில், எந்த லேபில் எழுதினார்களோ அங்கேயே இருக்கும். வேறு டாக்டர் பார்க்க வேண்டும் என்றால் நம் போனுக்குக் கேள்வி வரும். யார் கேட்கிறார், எந்தக் காலத்துச் சீட்டு, எவ்வளவு நாளைக்கு என்று இருக்கும். நாம் சம்மதித்தால் போகும். கொடுத்த சம்மதத்தைத் திரும்ப எடுக்கவும் வழி உண்டு. நம்மிடம் இருக்கிற பழைய சீட்டுகளையும் போட்டோ எடுத்து அதில் ஏற்றி வைக்கலாம்.

நம்ம பெண்கள் சொன்னது

சில குழுக் கூட்டங்களில் இதைப் பற்றிக் கேட்டோம். வயதான அம்மாக்கள் பலர், "நல்லதுதானே, பைத் தூக்க வேண்டாம்" என்றார்கள். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாதாமாதம் மாத்திரை வாங்குகிறவர்கள், "சீட்டு கிழிஞ்சு போயி ஒவ்வொரு தடவையும் புதுசா ஆரம்பிக்கிறாங்க, மறுபடி ரத்தம் குடு, மறுபடி எக்ஸ்ரே எடுன்னு காசு போகுது" என்றார்கள். சிலர் டோக்கனுக்காகவே எண் எடுத்திருந்தார்கள். அரசு ஆஸ்பத்திரிகளில் க்யூஆர் கோடு ஸ்கேன் செய்து ஓ.பி. டோக்கன் வாங்குகிற வசதி 2022-இல் வந்தது இல்லையா, வரிசை குறையும் என்று யாரோ போனை வாங்கித் தட்டிக் கொடுத்திருக்கிறார்கள். எதற்குச் சம்மதம் கொடுத்தோம் என்று அவர்களுக்கே தெரியவில்லை.

இளம் பெண்கள் சொன்னது வேறு மாதிரி. "அக்கா, போனு அவருதுக்கா" என்றாள் ஒருத்தி. அந்த ஒரு வார்த்தையில் எங்களுக்குப் பாதி விஷயம் விளங்கிவிட்டது.

டாக்டர்கள் சொன்னது

டாக்டர்கள் சிலரையும் போய்ப் பார்த்தோம். அவர்கள் ஒரே குரலில் பேசவில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் சொன்னார்: "காலையில நூறு பேருக்கு மேல நிக்கிறாங்க. நான் கம்ப்யூட்டரைப் பார்த்துத் தட்டுறதா, உங்க முகத்தைப் பார்த்துப் பேசுறதா?" நியாயமான பேச்சு. பதிவு செய்ய ஆள் கொடுக்காமல் பதிவு மட்டும் செய் என்றால் அது டாக்டருக்கும் பாரம், காத்திருக்கிற நமக்கும் பாரம்.

டவுனில் கிளினிக் வைத்திருக்கிற டாக்டர் சொன்னார்: "போன்ல அறுபது பக்கம் கொண்டு வந்து நீட்டுறாங்க. எல்லாத்தையும் படிக்க நேரம் இல்ல. படிக்காம விட்டு ஏதாவது ஆனா, அதுல இருந்துச்சே ஏன் பார்க்கலைன்னு என் மேல வரும்." இன்னொருவர், நோயாளியே எழுதி வைத்த குறிப்பை எந்த அளவுக்கு நம்புவது என்று கேட்டார். ஆனால் அவரே, வீட்டில் தேதி போட்டு எழுதி வரும் பிரஷர் அளவு தனக்கு ரொம்ப உதவுகிறது என்றும் சொன்னார்.

"சீட்டு கையில இருந்தா நாளைக்கே வேற டாக்டர்கிட்ட போயிடுவாங்கன்னு நினைக்கிறவங்களும் எங்க தொழில்ல இருக்காங்க" என்று வாய்விட்டுச் சொன்னவரும் உண்டு. அவருக்கு நன்றி.

எங்களுக்கு மனதில் நின்றது ஒரு லேடி டாக்டர் சொன்னது: "சாப்பிடுற மாத்திரை என்னன்னு தெரிஞ்சுக்கிட்டு வந்தாலே எனக்குப் பாதி வேலை முடிஞ்சுதும்மா. அது போன்ல இருந்தா என்ன, நோட்டுல இருந்தா என்ன?"

பயம் ஒன்று, நடந்தது ஒன்று

டாக்டர்களின் இந்தத் தயக்கம் நம்ம ஊரில் மட்டும் இல்லை. அமெரிக்காவில் 2010-இல் ஒரு சோதனை தொடங்கினார்கள். மூன்று ஊர்களில் 105 டாக்டர்கள், தாங்கள் கம்ப்யூட்டரில் எழுதுகிற குறிப்பை நோயாளிகளே படிக்கட்டும் என்று திறந்துவிட்டார்கள். 13,000-க்கு மேல் நோயாளிகள். தொடங்குவதற்கு முன் டாக்டர்கள் பலர் பயந்தார்கள். படித்துவிட்டு மக்கள் கலங்கிப் போவார்கள், சந்தேகம் கேட்டே நம் நேரத்தை எடுத்துவிடுவார்கள் என்று நினைத்தார்கள்.

ஒரு வருடம் கழித்து விசாரித்து, 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். கலங்கினோம், குழம்பினோம் என்று சொன்னவர்கள் நூற்றுக்கு எட்டுப் பேரைத் தாண்டவில்லை. பதில் சொன்ன நோயாளிகளில் நூற்றுக்கு 99 பேர் இது தொடரட்டும் என்றார்கள். டாக்டர்களில் ஒருவர்கூட நிறுத்திவிடலாம் என்று சொல்லவில்லை. மாத்திரையை இப்போது ஒழுங்காகச் சாப்பிடுகிறோம் என்று பாதிக்கு மேற்பட்டவர்கள் சொன்னார்கள். ஆனால் அதே மக்களில் நூற்றுக்கு 26 முதல் 36 பேர் வரை, நம்ம ரகசியம் வெளியே போய்விடுமோ என்ற கவலையையும் சொன்னார்கள்.

அவர்கள் சொந்தக் கம்ப்யூட்டரில், சொந்தப் பாஸ்வேர்டு போட்டுப் படித்தவர்கள். அவர்களுக்கே அந்தக் கவலை இருந்தது. நம்ம வீட்டில் ஒரே போன், அதுவும் "அவருது". அப்போ நமக்கு?

சாவி யார் கையில்?

ஒரு தங்கச்சியின் கதையைச் சொல்கிறோம். இதுவும் சம்மதம் வாங்கி, அடையாளம் மாற்றிச் சொல்வது.

பிரசவம் ஆகி இரண்டு மாதத்தில் அவளுக்கு மனசு சரியில்லை. காரணம் இல்லாமல் அழுகை, தூக்கம் இல்லை, குழந்தையைத் தூக்கவே பயம். நல்ல வேளையாக ஒரு டாக்டரைப் பார்த்தாள். மாத்திரை கொடுத்தார்கள், ஒரு மாதத்தில் தெளிந்து வந்தாள். ஆஸ்பத்திரியில் போன் நம்பர் கேட்டபோது, கூட வந்தவர்கள் கொழுந்தனார் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள். அடுத்த தடவைக்கு வரவேண்டிய தேதி, மனநலப் பிரிவு என்று மெசேஜ் அந்த நம்பருக்குப் போனது. சாயங்காலத்துக்குள் வீடு முழுக்கத் தெரிந்துவிட்டது. "பைத்தியத்துக்கு வைத்தியமா பார்க்கிறா?" என்று ஒரு வார்த்தை. அன்றைக்கு மாத்திரையை நிறுத்தியவள் மூன்று மாதம் ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை. அந்த மூன்று மாதம் அவள் என்ன பாடுபட்டாள் என்பது அவளுக்கும் அவளுடைய அம்மாவுக்கும்தான் தெரியும். கடைசியில் நம்ம குழு அக்கா இரண்டு பேர் வீட்டுக்குப் போய்ப் பேசி, கூடவே அழைத்துப் போனார்கள்.

யாரும் கம்ப்யூட்டரை உடைத்துத் திருடவில்லை. தப்பான ஒரு நம்பர், அவ்வளவுதான்.

அதனால் நாங்கள் சொல்வது இதுதான் சகோதரிகளே. இந்தப் பதிவு நல்லதா கெட்டதா என்று பட்டிமன்றம் நடத்த வேண்டாம். சாவி நம்ம கையில் இருந்தால் நல்லது. அடுத்தவர் கையில் இருந்தால், நம்ம உடம்புக் கதை நமக்கு முன்னால் ஊருக்குத் தெரியும்.

சட்டம் நம்ம பக்கம் இருக்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். எச்.ஐ.வி. தொற்று உள்ளவர் விவரத்தை அவர் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்வதை 2017-ஆம் வருடச் சட்டம் தடுக்கிறது. கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்ணின் பெயரை, சட்டப்படி அதிகாரம் உள்ளவரைத் தவிர வேறு யாரிடமும் டாக்டர் சொல்லக் கூடாது என்று 2021-இல் திருத்தம் வந்தது. டிஜிட்டல் தகவல்களைப் பாதுகாக்க 2023-இல் தனிச் சட்டம் நிறைவேறி, அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளிவந்தன. ஆனால் நம்ம வீட்டுத் திண்ணையில் நடக்கிறதைச் சட்டம் வந்து பார்க்காது. அதை நாம்தான் பார்க்க வேண்டும்.

நம்ம வாயும் ஒரு பூட்டுதான்

இதைச் சொல்லக் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறோம். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கியபோது, வீடு வீடாகப் போய்ச் சர்க்கரை, பிரஷர் பார்த்துப் போனில் பதிவு செய்யும் தன்னார்வலர்களாக மகளிர் குழுப் பெண்களையே சேர்த்தார்கள். நமக்கு அது பெருமை. பதிவு செய்யும் கை நம்ம கை. அப்படியென்றால் ரகசியம் காக்கும் வாயும் நம்ம வாயாக இருக்க வேண்டும். "அந்த வீட்டுக்காரிக்கு இன்ன வியாதியாம்" என்று குழாயடியில் ஒரு சொல் விழுந்தால், அடுத்த தடவை அந்த வீடு கதவைத் திறக்காது. சங்கக் கடன் வாங்கியவர் கணக்கை வெளியே பேசக் கூடாது என்று தீர்மான நோட்டில் எழுதியிருக்கிறோமே, அதே கட்டுப்பாடு இதற்கும் வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

முதலில் ஒரு நோட்டு. இருபது ரூபாய் நோட்டு போதும். முதல் பக்கத்தில் பெயர், வயது, இரத்த வகை. அடுத்து, ஒத்துக்கொள்ளாத மருந்தின் பெயர், சிவப்பு மையில். அடுத்து, தொடர்ந்து இருக்கிற நோய், தினமும் சாப்பிடும் மாத்திரையின் பெயர், எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை. செய்துகொண்ட ஆபரேஷன், பிரசவம், எந்த வருடம். அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய நம்பர். இந்த ஒரு பக்கம் இருந்தால் டாக்டர் அறுபது பக்கம் படிக்க வேண்டியதில்லை. பேர் எழுதத் தெரியாவிட்டால் மாத்திரை அட்டையைக் காட்டி நர்ஸிடமோ, பள்ளிக்கூடம் போகிற பிள்ளையிடமோ எழுதி வாங்குங்கள்.

இரண்டாவது, அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துப் போனில் வையுங்கள். போனுக்குப் பூட்டு எண் போடுங்கள். சீட்டு நனைந்தாலும் படம் இருக்கும், போன் தொலைந்தாலும் நோட்டு இருக்கும். 2022 நவம்பர் 23-இல் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கம்ப்யூட்டர்களையே இணையத் திருடர்கள் முடக்கினார்கள். ஏறத்தாழ இரண்டு வாரம் அங்கே பல வேலைகளைக் கையால் எழுதித்தான் பார்த்தார்கள். அவ்வளவு பெரிய இடத்துக்கே பேப்பர் தேவைப்பட்டது என்றால், நாம் பையைத் தூக்கி எறிய வேண்டாம்.

மூன்றாவது, ஆபா எண் எடுப்பது உங்கள் விருப்பம். எடுத்தால் உங்கள் சொந்த நம்பரைக் கொடுங்கள். முன்னாலேயே வேறு நம்பர் கொடுத்திருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். ஓ.டி.பி. கேட்டால் "எதுக்கு?" என்று ஒரு வார்த்தை கேட்காமல் சொல்லாதீர்கள். ஆஸ்பத்திரியில் நம்பர் கேட்கும்போதும் பக்கத்தில் இருப்பவர் முந்திக்கொண்டு சொல்ல விடாதீர்கள். சொந்தப் போன் இல்லாதவர்கள் அவசரப்பட வேண்டியதில்லை. நோட்டு போதும்.

நான்காவது, சீட்டைக் கேட்டு வாங்குங்கள். படுக்கையில் சேர்ந்து சிகிச்சை பெற்றவர் தன் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், அந்தப் பதிவுகளை மூன்று வருடம் பாதுகாக்க வேண்டும் என்று டாக்டர்களுக்கான 2002-ஆம் வருட நடத்தை விதிகளில் இருக்கிறது. சண்டை போட வேண்டாம். "என் டிஸ்சார்ஜ் சம்மரி வேணும் சார், அடுத்த டாக்டர்கிட்ட காட்டணும்" என்று மரியாதையாகக் கேட்டாலே போதும். தயங்கினால் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள்.

அடுத்த கூட்டத்துக்குச் சேமிப்புப் பாஸ்புக்கோடு இந்த உடம்புப் பாஸ்புக்கையும் ஒவ்வொருவரும் கொண்டு வாருங்கள். உள்ளே இருக்கிறதை யாரும் படித்துப் பார்க்க மாட்டோம். முதல் பக்கம் எழுதியாச்சா என்று மட்டும் கேட்போம். எழுதத் தெரியாதவர்களுக்கு எங்கள் குழுவில் இருவர் தனியாக உட்கார்ந்து எழுதிக் கொடுப்பார்கள், வெளியே சொல்ல மாட்டார்கள்.

வெள்ளை ஊசி என்று சொன்ன அந்த அக்கா, முன்னால் வைத்தியம் பார்த்த ஆஸ்பத்திரிக்கே திரும்பப் போய், பழைய பதிவைத் தேடச் சொல்லி, மருந்தின் பெயரை எழுதி வாங்கி வந்துவிட்டாங்க. நோட்டில் முதல் பக்கம், சிவப்பு மை. பேத்தியிடம் சொல்லி அந்தப் பெயரை மனப்பாடமும் செய்துவிட்டாங்க. அன்றைக்கு எங்களிடம் வந்து ஒரு தடவை சொல்லிக் காட்டினாங்க. தட்டுத் தடுமாறித்தான், ஆனால் சரியாகச் சொன்னாங்க.

நாமும் நம்முடையதைக் கற்றுக்கொள்வோம்.